டப்பாவில் 'கேவியர்' என்று எழுதியிருந்தால் போதுமா?

ஸ்டர்ஜன் என்ற மீனின் சினையை உப்பிட்டுப் பதப்படுத்தினால் அது கேவியர். சர்வதேச உணவுத் தரவிதிகளான கோடெக்ஸ் சொல்வதும் இதைத்தான். அமெரிக்காவிலும் வெறுமனே 'கேவியர்' என்று போட்டு விற்க ஸ்டர்ஜன் சினைக்கு மட்டுமே அனுமதி. சால்மன் சினை என்றால் 'சால்மன் கேவியர்' என்று மீனின் பெயரையும் சேர்த்துப் போட வேண்டும். சட்டம் இப்படித் தெளிவாக இருந்தும், ஓட்டல் மெனுவிலும் ஆன்லைன் கடையிலும் இந்தச் சொல் எதன் மீதெல்லாமோ ஒட்டப்படுகிறது. விலை கொடுப்பவர்தான் ஏமாறுகிறார்.

பாரசீகத்தில் முட்டையைக் குறிக்கும் 'காயா' என்ற சொல்லே இதன் வேர் என்பது பலரும் ஏற்கும் கருத்து. அது துருக்கியில் 'ஹவ்யார்' ஆகி, இத்தாலி, பிரான்ஸ் வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. சொல் வந்த கொஞ்ச காலத்திலேயே அதற்கு இரண்டாவது பொருளும் ஏறிவிட்டது. ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்தில், பொதுமக்களுக்குப் பிடிபடாத ஒரு நல்ல நாடகத்தைச் சொல்ல, 'பொதுஜனத்துக்குக் கேவியர் மாதிரி' என்கிறான் இளவரசன். எல்லாருக்கும் எட்டாத உயர்ந்த ருசி என்ற அர்த்தம் அன்றிலிருந்து கூடவே வருகிறது. விற்பனையாளர்களுக்கு இந்த அர்த்தம்தான் வேண்டியிருக்கிறது. ரஷ்யர்கள் வீட்டில் 'கேவியர்' என்று சொல்வதே இல்லை. அவர்களுக்கு எல்லாச் சினையும் 'இக்ரா'. ஸ்டர்ஜன் என்றால் கறுப்பு இக்ரா, சால்மன் என்றால் சிவப்பு இக்ரா. ஜப்பானிய உணவகங்களில் பார்க்கும் 'இக்குரா'வும் அதே சொல்தான்.

மெனுவில் 'கத்திரிக்காய் கேவியர்' என்று பார்த்தால் சைவர்கள் பயப்பட வேண்டாம். அது சுட்ட கத்திரிக்காயை மசித்தது, நம் கத்திரிக்காய் கொத்சுக்குப் பக்கத்து வீட்டுப் பண்டம். 'டெக்சாஸ் கேவியர்' என்பது காராமணி சாலட். ஆனால் பழச்சாறு முத்துகளை 'மாம்பழக் கேவியர்' என்று கொண்டுவந்தால் கேட்டுக்கொள்ளுங்கள். சோடியம் ஆல்ஜினேட், கால்சியம் குளோரைடு கொண்டோ, அகர் அகர் கொண்டோ செய்தால் சைவம். விலங்குகளிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் சேர்த்திருந்தால் இல்லை.

அசல் கேவியருக்கு வருவோம். பெலுகா, ஒசெட்ரா, செவ்ருகா என்பவை பிராண்ட் பெயர்கள் அல்ல, மீன் வகைகள். பெலுகா என்றதும் அதே பெயருள்ள வெள்ளைத் திமிங்கிலத்தை நினைப்பவர்கள் உண்டு. கேவியர் தருவது மீன்தான். பெண் பெலுகா சினை பிடிக்கவே 15 வருடத்துக்கு மேல் ஆகும். விலை ஏறியதற்கும் இனம் அருகிப்போனதற்கும் காரணம் ஒன்றே. சினைக்காகத் தாய்மீனைக் கொன்றால், அந்த இடத்தை நிரப்ப அடுத்த மீன் வளர்ந்து வரப் பல வருடம் பிடிக்கும். 1998 முதல் எல்லா ஸ்டர்ஜன் இனங்களும், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. 2005இல் அமெரிக்கா பெலுகா இறக்குமதியையே தடை செய்தது.

அதனால்தான் டப்பாவின் முகப்பில் உள்ள அழகான பெயரைவிட ஓரத்தில் ஒட்டியிருக்கும் குட்டி சைட்டிஸ் லேபிளை முதலில் படியுங்கள் என்கிறோம். சாய்வுக்கோடுகளால் பிரித்த ஒரு வரிசை அதில் இருக்கும். முதல் மூன்று எழுத்து மீனின் இனம்: எச்‑யு‑எஸ் என்றால் பெலுகா, ஜி‑யு‑ஈ என்றால் ரஷ்ய ஸ்டர்ஜன், பி‑ஏ‑ஈ என்றால் சைபீரிய ஸ்டர்ஜன். அடுத்த ஓர் எழுத்து மிக முக்கியம். டபிள்யூ என்றால் இயற்கையான ஆறு, கடலில் பிடித்தது, சி என்றால் பண்ணையில் வளர்ந்தது. பிறகு நாடு, சினை எடுத்த ஆண்டு, ஆலையின் பதிவு எண், லாட் எண். டப்பாவைத் திறந்தால் கிழிந்துவிடும்படி அந்த லேபிள் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். முகப்பில் 'பெலுகா' என்றும் லேபிளில் பி‑ஏ‑ஈ என்றும் இருந்தால் வாங்காதீர்கள். லேபிளே இல்லையென்றாலும், டபிள்யூ என்று போட்டு மலிவாகக் கொடுத்தாலும் அப்படியே. இன்று சட்டப்படி விற்பனைக்கு வருவதில் ஏறக்குறைய எல்லாமே பண்ணைச் சரக்கு. சீனாதான் அதிகம் உற்பத்தி செய்கிறது. 'பண்ணை' என்பதைக் குறைவாக நினைக்க வேண்டியதில்லை.

லக்கேஜில் கொண்டுவருபவர்களுக்கு ஒரு விஷயம். சொந்த உபயோகத்துக்கு என்று சைட்டிஸ் தரும் விலக்கு ஆளுக்கு 125 கிராம்தான், அதுவும் மேலே சொன்ன லேபிள் இருந்தால். சில நாடுகள் இன்னும் கண்டிப்பானவை. கிளம்பும் முன்பே கஸ்டம்ஸில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மலிவான கறுப்புச் சினை பெரும்பாலும் லம்ப்ஃபிஷ் என்ற மீனுடையது. கறுப்புச் சாயம் ஏற்றியிருப்பார்கள். நாலு முத்தை வெள்ளை டிஷ்யூ பேப்பரில் வைத்து லேசாக அழுத்துங்கள். மை மாதிரி கறை பரவினால் அது சாயம். லேபிளில் மீனின் பெயரைப் போட்டு அந்த விலைக்கு விற்றால் குற்றமில்லை. ஸ்டர்ஜன் விலைக்கு விற்றால் மோசடி.

'மலோசோல்' என்று போட்டிருப்பதும் ஊர்ப் பெயர் அல்ல, ரஷ்ய மொழியில் 'உப்பு குறைவு'. கோடெக்ஸ் அளவு 100 கிராமுக்கு 3 முதல் 5 கிராம் உப்பு. ஆலையில் சினைப்பையைச் சல்லடையில் மெதுவாகத் தேய்த்து முத்துகளைப் பிரித்து, குளிர்நீரில் அலசி, வடித்து, உப்பைக் கையால் கலந்து, காற்றுப் போகாமல் டப்பாவில் அடைப்பார்கள். உப்பு மிஞ்சினால் முத்து இறுகும். அலசிய நீர் சரியாக வடியாவிட்டால் கூழாகும். 30 கிராம் சாப்பிட்டாலே 0.9 முதல் 1.5 கிராம் வரை உப்பு உள்ளே போகிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்லும் வரம்பே 5 கிராம்தான். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் கெடாமலிருக்க போராக்ஸ் சேர்க்க அனுமதி உண்டு, ஈ285 என்று லேபிளில் இருக்கும். அமெரிக்காவில் அனுமதி இல்லை.

இந்த அளவு உப்பு தனியாக நின்று கிருமியைத் தடுக்காது, குளிரும் சேர வேண்டும். வீட்டு ஃப்ரிட்ஜின் மிகக் குளிர்ந்த மூலையில், ஐஸ் நிரப்பிய கிண்ணத்தின் மேல் டப்பாவை வையுங்கள். ஃப்ரீஸர் வேண்டாம், உறைந்து இளகும்போது முத்துகள் வெடித்துப் பால் போல நீர்விடும். திறந்துவிட்டால் இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுங்கள். டப்பா உப்பியிருந்தாலோ, அம்மோனியா நெடியோ புளித்த வாடையோ வந்தாலோ ருசி பார்க்கக்கூட வேண்டாம். வெள்ளி ஸ்பூன் உலோகச் சுவை ஏற்றிவிடும். சிப்பியிலோ கொம்பிலோ செய்த ஸ்பூன் இல்லாவிட்டால் சாதாரண பிளாஸ்டிக் ஸ்பூனே போதும்.

கர்ப்பிணிகள் பாஸ்டுரைஸ் செய்யாத கேவியரைத் தொடாமல் இருப்பதே நல்லது, லிஸ்டீரியா என்ற கிருமியின் அபாயம் உண்டு. மீன் ஒத்துக்கொள்பவருக்கும் சினை ஒவ்வாமை வரலாம். முதல் தடவை சாப்பிடுபவர் இரண்டு மூன்று முத்தோடு நிறுத்தி, உதடு, தொண்டையில் அரிப்போ வீக்கமோ வருகிறதா என்று பார்த்துவிட்டு மேலே தொடரட்டும். வீக்கமோ மூச்சுத்திணறலோ வந்தால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.