கிராமைப் பார்த்து ஏமாறாதீர்கள்

விடைத்தாள் திருத்தும்போது எனக்குக் கோபம் வருவது அபூர்வம். இந்த முறை வந்துவிட்டது. கணக்கு சாதாரணமானதுதான்: 10 கிராம் ஹைட்ரஜனும் 64 கிராம் ஆக்சிஜனும் வினைபுரிந்தால் எவ்வளவு நீர் கிடைக்கும்? பாதித் தாள்களுக்கு மேல் ஒரே பதில், 90 கிராம். உள்ளே போட்டதே மொத்தம் 74 கிராம். மீதி 16 கிராம் எங்கிருந்து முளைத்தது என்று ஒருவருக்கும் உறுத்தவில்லை.

இந்த 90 எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். "பத்துதான் சின்ன எண், அப்போ ஹைட்ரஜன்தான் முதலில் தீரும்." மோல் என்பது மூலக்கூறுகளை எண்ணும் ஒரு கட்டு: ஒரு மோல் ஹைட்ரஜன் 2 கிராம், ஆக்சிஜன் 32, நீர் 18. 5 மோல் ஹைட்ரஜன், அதனால் 5 மோல் நீர், 18ஆல் பெருக்கினால் 90. பெருக்கலில் தவறே இல்லை. முதல் வரியிலேயே வண்டி தடம் மாறிவிட்டது.

வினைக்குக் கிராம் தெரியாது, தலை எண்ணத்தான் தெரியும். இரண்டு ஹைட்ரஜன் மூலக்கூறுக்கு ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு, கிடைப்பது இரண்டு நீர் மூலக்கூறு என்பதுதான் அதன் கணக்கு. 10ஐ 2ஆல் வகுத்தால் 5 மோல் ஹைட்ரஜன். 64ஐ 32ஆல் வகுத்தால் 2 மோல் ஆக்சிஜன். தராசில் ஆறு மடங்குக்கு மேல் நின்ற ஆக்சிஜன், எண்ணிக்கையில் ஹைட்ரஜனின் பாதிகூட இல்லை! 5 மோல் ஹைட்ரஜனுக்கு இரண்டரை மோல் ஆக்சிஜன் வேண்டும், இருப்பது இரண்டு. ஆகவே தீர்வது ஆக்சிஜன். கிடைப்பது 4 மோல் நீர், அதாவது 72 கிராம். மிஞ்சுவது 2 கிராம் ஹைட்ரஜன். கூட்டினால் 74. இந்தக் கடைசிக் கூட்டலுக்குப் பத்து நொடி ஆகுமா?

மோல் வரை ஒழுங்காக வந்து, அங்கே சின்ன எண்ணைப் பிடித்துக்கொள்பவர்களும் உண்டு. 3 மோல் ஹைட்ரஜன், 2 மோல் ஆக்சிஜன் என்றால் தீர்வது ஹைட்ரஜன்தான். சமன்பாட்டில் முன்னால் நிற்கும் எண்ணால் வகுத்துவிட்டு ஒப்பிடுங்கள்: ஒன்றரை, இரண்டு. சரி, சமன்பாட்டையே சமன் செய்யாதவர்களைப் பற்றி இன்று பேசப் போவதில்லை.

வாயுக் கலவையிலும் இதே கிராம் பேய்தான். ஒரு கலத்தில் 4 கிராம் ஹீலியம், 32 கிராம் ஆக்சிஜன், மொத்த அழுத்தம் 2 வளிமண்டலம். ஆக்சிஜனின் பகுதி அழுத்தம், அதாவது மொத்த அழுத்தத்தில் அதன் பங்கு, என்ன? 32ஐ 36ஆல் வகுத்து, 2ஆல் பெருக்கி 1.78 என்று எழுதுகிறார்கள். இரண்டுமே ஒரு மோல். ஆளுக்கு 1 வளிமண்டலம். கனமான மூலக்கூறு சுவரைப் பலமாக இடிக்காதா என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. ஒரே வெப்பநிலையில் ஆக்சிஜன் மெதுவாக ஓடுகிறது, ஹீலியம் வேகமாக ஓடுகிறது. சராசரி இயக்க ஆற்றல் இரண்டுக்கும் ஒன்றே. கலவையின் மொத்த அழுத்தம் ஒவ்வொரு வாயுவின் பகுதி அழுத்தங்களின் கூட்டல் என்று வேதியியலாளர் டால்டன் 1801இலேயே சொல்லிவிட்டார். இன்னும் நிறையை வைத்துப் பங்கு பிரிக்கிறோம்.

மற்றவை சுருக்கமாக. வெப்பநிலையைக் கெல்வினுக்கு மாற்றாமல், அதாவது செல்சியஸுடன் 273ஐக் கூட்டாமல், பேனாவை எடுக்காதீர்கள். பருமன் மாறாத கலத்தில் 27 டிகிரி செல்சியஸ் 54 ஆனால் வாயுவின் அழுத்தம் இரட்டிப்பாகாது. 300 கெல்வின் 327 ஆகிறது, ஏறக்குறைய 9 சதவீதம்தான் கூடும். ஒரு மோல் வாயுவின் பருமன் 22.4 லிட்டர் என்பது 0 டிகிரி செல்சியஸும் 1 வளிமண்டலமும் இருந்தால் மட்டும். 25 டிகிரியில் அது சுமார் 24.5. அழுத்தத்தை 1 பார் என்று கொடுத்திருந்தால் 0 டிகிரியிலேயே 22.7. கேள்வியை இரண்டு முறை படியுங்கள், தயவுசெய்து.

அப்புறம் ஒரு தாள். 72 கிராம் நீர் என்று அழகாகக் கண்டுபிடித்திருந்த பிள்ளை, அதன் பருமனுக்கு 4ஐ 22.4ஆல் பெருக்கி 89.6 லிட்டர் என்று எழுதி, அடியில் இரட்டைக் கோடும் போட்டிருந்தது. 0 டிகிரியில் நீர் வாயுவாகவா இருக்கும்? 72 மில்லிலிட்டர் சொச்சம். ஒரு சின்ன டம்ளரில் அடங்கிவிடும்.