துளைக்குள் நுழையும் காற்று: பழைய பிளேயர் பியானோ வாங்கும் முன்

அமெரிக்காவில் பழைய பிளேயர் பியானோவை, அதாவது தானாக வாசிக்கும் பியானோவை, சும்மாவே கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு. வந்து தூக்கிக்கொண்டு போனால் போதும் என்பார்கள். கையில் கொஞ்சம் பணத்தோடு முதல் பியானோ தேடுகிறவர் பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார். செலவெல்லாம் உள்ளே ஒளிந்திருக்கும் துணியிலும் தோலிலும் ரப்பர் குழாயிலும் காத்திருக்கிறது.

அது தானாக வாசிக்கும் விதத்தைப் பார்த்தால் காரணம் புரியும். கீழே இரண்டு மிதிகள். மிதித்தால் துருத்தி இயங்கும். நம் ஆர்மோனியத்தில் துருத்தி காற்றை உள்ளே தள்ளும். இங்கே அது காற்றை உறிஞ்சி வெளியேற்றும். அதனால் உள்ளே அழுத்தம் எப்போதும் குறைவு.

நடுவே ஒரு பித்தளைச் சட்டம். அதில் சுரத்துக்கு ஒன்றாக 88 துளைகள். அதன்மேல் பாட்டைத் துளைகளாகப் பதித்த காகிதச் சுருள் ஊர்ந்து போகும். காகிதத்தின் துளை சட்டத்தின் துளைக்கு நேரே வந்ததும் வெளிக்காற்று குழாய்க்குள் பாய்ந்து ஒரு மெல்லிய தோலை உப்பவைக்கும். தோல் உப்பினால் மேலிருக்கும் சிறு வால்வு எழும். உடனே அந்தச் சுரத்துக்கான குட்டித் துருத்தியின் காற்று உறிஞ்சப்பட்டு அது பட்டென்று சுருங்கும், சுத்தியல் கம்பியை அடிக்கும். சரி, துளை கடந்து போனபின்? குழாயில் மிஞ்சிய காற்று ஊசிமுனை போன்ற ஒரு கசிவுத் துளை வழியே வெளியேற, தோல் அமர்ந்துவிடும். இந்தக் கசிவுத் துளையை யோசித்த மூளையை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான். அது இல்லாவிட்டால் ஒருமுறை அடித்த சுரம் மறுபடி அடிக்காது.

இந்தப் பியானோக்களில் பெரும்பாலானவை 1900க்கும் 1930க்கும் இடையே செய்தவை. வானொலியும் 1929 பொருளாதாரச் சரிவும் அந்தத் தொழிலைச் சாய்த்துவிட்டன. நூறு ஆண்டில் ரப்பர் பூசிய துணி விறைத்து வெடிக்கும், குழாய் நொறுங்கும். குட்டித் துருத்தி ஒவ்வொன்றுக்கும் கையால் புதுத்துணி ஒட்ட வேண்டும். அந்தக் கூலி பியானோவின் விலையை எளிதில் தாண்டிவிடும். ஆகவே இன்னொருவர் ஒழுங்காகச் சீரமைத்து முடித்ததை வாங்குவதுதான் சிக்கனம்.

ஆனால் மெருகு பூசியதையும் சிலர் சீரமைப்பு என்பார்கள். துணி, குழாய், தோல் மூன்றும் மாற்றியாயிற்றா என்று கேளுங்கள். எந்தப் பசை என்றும் கேளுங்கள். தச்சர்கள் வச்சிரம் என்கிற விலங்குப் பசை சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகும். பின்னால் பழுது பார்க்கிறவர் மரம் பிளக்காமல் பிரிக்கலாம். நவீன வெள்ளைப் பசை அப்படி விடாது. பியானோவையே மறந்துவிடவும் கூடாது: கம்பிகளை இறுக்கிப் பிடிக்கும் சுருதி ஆணிகள் தளர்ந்திருந்தால் உள்ளே எவ்வளவு புதுத்துணி இருந்தும் பயனில்லை.

முதல் பியானோவுக்குச் சாதாரண 88 சுர வகையே போதும். 1908இல் பஃபலோ நகரில் கூடிய தயாரிப்பாளர்கள் அதற்குப் பொது அளவு வகுத்ததால் எந்த நிறுவனத்தின் சுருளும் அதில் ஓடும். ஆம்பிகோ, டியோ-ஆர்ட் போன்ற உயர்ரக வகைகள் கலைஞரின் கைநயத்தையே திருப்பித் தருபவை. அருமையானவைதான், ஆனால் உள்ளே சிக்கல் அதிகம், சீரமைப்புச் செலவும் அதிகம்.

நேரில் போனால், மின் மோட்டார் பொருத்தியிருந்தால் முதலில் அதை அணைக்கச் சொல்லுங்கள். மோட்டாரின் பலம் கசிவை மறைத்துவிடும். அப்புறம் துளையில்லாத காகிதத்தால் சட்டத்தை மூடி நிதானமாக மிதியுங்கள். ஒரு சுரம்கூட ஒலிக்கக்கூடாது. ஏதாவது ஒலித்தால் எங்கோ காற்று நுழைகிறது. பிறகு மெதுவான பாட்டு ஒன்றைச் சுருளில் ஏற்றி, எவ்வளவு மெல்ல மிதித்தும் அது வாசிக்கிறதா என்று உங்கள் காலாலேயே பாருங்கள்.