மரத்துக்குக் காயம் படாமல்

குலசேகரம் பக்கத்திலிருந்து தோள் வலிக்காக ஒருவர் என்னிடம் வருகிறார். ரப்பர் பால் வெட்டுகிறவர். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கிவிடுவார். வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும். ஒரு நாளைக்கு 300 மரம். ஒவ்வொன்றிலும் பட்டையை மட்டும் மெலிசாகச் சீவ வேண்டும். கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கித் தடியில் பட்டால் மரத்துக்குக் காயம். பிறகு அந்த இடம் முண்டும் முடிச்சுமாகிவிடும்.

"இத்தனை வருஷமா ஒரே வேலை, சலிக்கலையா?" என்று கேட்டேன்.

"காயம் படாம வெட்டுனா மனசுக்கு நல்லாருக்கும் டாக்டரே. இருட்டுல முதலாளியா வந்து பாக்கப் போறாரு? ஆண்டவரு பாக்காரு."

அப்போது சலித்துப் போயிருந்தவன் நான்தான். பிசியோதெரபி வேலையில் தினமும் அதே முட்டி, அதே இடுப்பு, அதே பயிற்சிகள். கூடப் படித்தவர்கள் வளைகுடாவில் இருக்கிறார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தால், யார் பிள்ளை எந்த நாட்டில் என்ற பேச்சு. வீட்டுக்கு வரும்போது என் வேலை இன்னும் சின்னதாகிவிட்டிருக்கும்.

நெய்யூர் வழியாகப் போகும்போதெல்லாம் இங்கிலாந்து அறுவை மருத்துவரான டாக்டர் சாமர்வெல்லை நினைப்பேன். 1922 எவரெஸ்ட் பயணம் முடிந்து வந்த இடத்தில், அங்குள்ள மிஷன் ஆஸ்பத்திரியின் நோயாளிக் கூட்டத்தைப் பார்த்து, இங்கேயே வேலை செய்வதென்று முடிவெடுத்தவர். அப்படிப் பெரிதாக எதையாவது விட்டு வந்தவர்களுக்குத்தான் வேலையில் நிறைவு கிடைக்கும் என்று நம்பியிருந்தேன். ஆனால் எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்று மனப்பூர்வமாகச் செய்யுங்கள் என்று பவுல் கொலோசெயருக்கு எழுதியது, வேலையைத் தேர்ந்தெடுக்கவே வழியில்லாத அடிமைகளிடம். பிலிப்பியருக்கு எழுதும்போது அவரே காவலில் இருந்தார். மனரம்மியமாயிருக்க, அதாவது இருப்பதில் நிறைவாயிருக்க, 'கற்றுக்கொண்டேன்' என்கிறார். அந்த ஒரு சொல் எனக்குப் பெரிய ஆறுதல். பிறவியிலேயே வராவிட்டால் பரவாயில்லை, பழகிக்கொள்ளலாம்.

நான் பழகும் விதம் எளியது. ஒவ்வொரு நோயாளிக்கும் முன்னால் கை கழுவும்போது அவர் பெயரைச் சொல்லி ஒரு வரி ஜெபம். அவ்வளவுதான். அதற்கப்புறம் தொடும் முட்டி 'அதே முட்டி'யாக இருப்பதில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். அண்டியாபீசில், அதாவது முந்திரி ஆலையில், பருப்புத் தோல் உரிக்கும் அக்கா ஒருவர், முட்டி வீங்கியும் ஒரு வருஷம் யாரிடமும் காட்டவில்லை. "கர்த்தர் தந்த பாடு" என்றார். தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். வாரத்தில் ஒரு நாள் ஓய்ந்திருக்கச் சொன்னவரும் அவர்தான். கூலி குறைவு என்று கேட்பவரிடம் 'போதுமென்ற மனம் வேண்டும்' என்று சொல்வதும் தவறு. பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதியதும் அதே வேதத்தில்தான் இருக்கிறது.

அந்த அக்கா இப்போது மணிக்கொரு தடவை எழுந்து நடக்கிறார். பால் வெட்டுகிறவருக்கு, இடுப்பை முறுக்காமல் மரத்தைச் சுற்றிக் காலை நகர்த்தி வெட்டப் பழக்கியிருக்கிறேன். முதல் வாரம் கை தடுமாறி இரண்டு மரத்தில் காயம் பட்டுவிட்டதாம். வலியைவிட அதற்குத்தான் வருத்தப்பட்டார்.