டெகோபோன் என்று அச்சடிக்கும் முன்

கடந்த மார்ச் மாதம் ஒரு மாலை, ஊறுகாய்ப் பாட்டில் ஒன்று என் மேசைக்கு வந்தது. ஒசாகாவில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பம் ஒன்றின் கைவண்ணம் அது. வீட்டுக்காரி ஊரில் போடும் கிடாரங்காய் ஊறுகாயை நினைத்து ஏங்கி, இங்கே கிடைக்கும் ஒரு பழத்தை நறுக்கி, உப்பில் ஊறவைத்து, நல்லெண்ணெயும் வெந்தயப் பொடியும் சேர்த்துப் பக்குவம் கண்டுபிடித்துவிட்டார். உணவு உரிமமெல்லாம் முறையாக வாங்கி, ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் விற்கவும் தொடங்கிவிட்டார்கள். புதிய லேபிளில் பெரிய ஜப்பானிய எழுத்துகளில் 'டெகோபோன் ஊறுகாய்' என்று இருந்தது. அச்சகத்துக்கு முன்பணமும் கொடுத்தாகிவிட்டது.

"அண்ணா, எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

பிழை ஒன்றும் இல்லை. ஆனால் நான் கேட்டது வேறு: "பழத்தை யாரிடம் வாங்கினீர்கள்?"

நான் இங்கே ஒரு பென்ரிஷி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பென்ரிஷி என்பவர் காப்புரிமைக்கும் வணிகக்குறிக்கும் விண்ணப்பிக்க உரிமம் பெற்ற வல்லுநர். அவரிடம் வரும் பெயர்களை ஏற்கெனவே யாராவது பதிவு செய்திருக்கிறார்களா என்று தேடிப் பார்ப்பது என் பொறுப்பு. நாள் முழுவதும் பெயர்களோடு பழகுவதால் கடைக்குப் போனாலும் கண் முதலில் பெயரில்தான் போய் நிற்கிறது.

டெகோபோன் என்பது பழத்தின் பெயர் என்றுதான் ஜப்பானியர்களில் பலரும் நினைக்கிறார்கள். பழத்தின் பெயர் ஷிரானுயி. 1972-இல் நாகசாகி மாகாணத்தின் குச்சினோட்சுவில் இருந்த அரசு ஆராய்ச்சி நிலையத்தில் கியோமி, போன்கான் என்ற இரு வகைகளைக் கலந்து உருவாக்கியது. காம்புப் பக்கம் ஒரு மேடு துருத்திக்கொண்டிருக்கும். பார்க்க அழகில்லை, உருவமும் ஒன்றுபோல் வராது. அந்த மேட்டையே பெயராக்கியவர்கள் குமமோட்டோ மாகாண விவசாயிகள். 'டெகோ' என்றால் மேடு, 'போன்' என்பது போன்கானின் தலைப்பகுதி. குமமோட்டோவின் பழ விவசாயக் கூட்டுறவு ஒன்றியம் இந்தப் பெயரை வணிகக்குறியாகப் பதிந்து வைத்திருக்கிறது. மற்ற மாகாணத்துக் கூட்டுறவுகளும் பயன்படுத்தலாம், நிபந்தனையோடு: சர்க்கரை அளவு 13 பாகைக்குக் குறையக் கூடாது, புளிப்பு 1 சதவீதத்துக்கு மிகக் கூடாது. பறித்த உடனே புளிக்கும் பழத்தைப் பொறுமையாக இருப்பில் வைத்துப் புளிப்பு இறங்கிய பிறகே அனுப்புவார்கள். அளவுக்கு வராத பழம், ஒரே மரத்தில் காய்த்திருந்தாலும், டெகோபோன் ஆகாது. ஷிரானுயியாகவே விலைபோகும்.

நம் சகோதரி பழம் வாங்கியது பக்கத்து ஊர் விவசாயி ஒருவரிடம். அருமையான பழம். கூட்டுறவு வழியாக வந்ததல்ல, யாரும் அளந்து பார்த்ததும் இல்லை. ஆகவே அந்தப் பாட்டிலில் இருப்பது ஷிரானுயி ஊறுகாய். கேட்டதும் அவர் முகம் வாடிவிட்டது. "பழம் ஒன்றுதானே, அண்ணா?" என்றார். பழம் ஒன்றுதான். ஆனால் அந்தப் பெயர், இந்த அளவுக்குக் குறையாது என்று விவசாயிகள் வாங்குபவருக்குக் கொடுத்த வாக்கு. வாக்குக் கொடுக்காதவர் அதை எடுத்து ஒட்டிக்கொண்டால், மரத்தடியில் காத்திருந்தவனுக்கு என்ன மிஞ்சும்?

ஸ்ட்ராபெரி கதையையும் சொல்லிவிடுகிறேன். ஃபுகுவோகாவின் 'அமாவோ' ஜப்பான் முழுவதும் பெயர்பெற்றது. சிவப்பு, உருண்டை, பெரிது, சுவை என்று பொருள்படும் நான்கு ஜப்பானியச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர். ஆனால் வேளாண் அமைச்சகத்தின் பதிவேட்டில் இந்த ரகத்தின் பெயர் 'ஃபுகுவோகா எஸ் 6'. வேண்டுமென்றே செய்த பிரிவினை இது. ஜப்பானியச் சட்டப்படி, ரகத்தின் பதிவுப் பெயரை வணிகக்குறியாகப் பதிய முடியாது. புதிய ரகத்தை உருவாக்கியவருக்குக் கிடைக்கும் ரக உரிமைக்கு ஆயுள் உண்டு, அமாவோவின் ரக உரிமை 2025 ஜனவரியில் முடிந்தது. வணிகக்குறியோ பத்தாண்டுக்கு ஒருமுறை கட்டணம் கட்டிப் புதுப்பித்தால் காலம் உள்ளவரை நிற்கும். இன்று அந்தச் செடியை வேறு மாகாணத்துக்காரர் வளர்க்கலாம், ஆனால் அமாவோ என்று பெட்டியில் எழுத முடியாது. ரகம் உருவாக்கிய முதல் நாளே இரண்டு பெயர்களை யோசித்தவர்களின் முன்யோசனையை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு.

வீட்டுக்குள் வாருங்கள். நாம் டால்டா, ஜெராக்ஸ் என்று சொல்லிப் பழகியதைப்போல இங்கேயும் நிறைய உண்டு. வீடு தேடி வரும் பார்சலை எல்லாரும் 'தக்யூபின்' என்கிறார்கள். அது 1976-இல் யமாட்டோ நிறுவனம் தொடங்கிய சேவையின் பதிவுபெற்ற பெயர், குட்டியைக் கவ்விச் செல்லும் கறுப்புப் பூனைச் சின்னத்தோடு வருமே, அந்த நிறுவனம். பொதுச்சொல் 'தகுஹாய்பின்'. ஓரெழுத்து வித்தியாசம்போலக் காதில் விழும், சட்டத்தில் கடலளவு வித்தியாசம். கழிவறையில் தண்ணீர் பீய்ச்சும் இருக்கையை 'வாஷ்லெட்' என்கிறோம். அது 1980 முதல் டோட்டோவின் பெயர். ஒட்டும் 'செலோடேப்' நிச்சிபானுடையது. காலடி எண்ணும் 'மான்போகெய்' யமாசாவுடையது. பள்ளிக் குழந்தைகள் ஊதி வாசிக்கும் கருவி ஒரு பள்ளியில் 'பியானிகா', அடுத்த பள்ளியில் 'மெலோடியன்'. முன்னது யமஹா, பின்னது சுசுகி. புத்தகம் எழுதுபவர்கள் 'கெம்பான் ஹார்மோனிகா' என்று பொதுவாக எழுதிக்கொள்வார்கள்.

பேச்சில் சொல்வதற்கு யாரும் வழக்குப் போட மாட்டார்கள், பயப்பட வேண்டாம். வீட்டில், கடிதத்தில், கதையில் தாராளமாகச் சொல்லலாம். பிரச்சினை வருவது, உங்கள் சரக்குக்கோ சேவைக்கோ அந்தப் பெயரை மாட்டும்போது. 'எங்கள் கடையில் தக்யூபின் வசதி உண்டு' என்று எழுதிவிட்டு வேறு நிறுவனத்தில் பார்சல் அனுப்பினால், அங்கே தவறு தொடங்கிவிடுகிறது. இங்கு புதிதாகக் கடை வைக்கும் நம்மவர்கள் விளம்பரத் தாளில் அடிக்கடி சறுக்கும் இடம் இதுதான்.

பொது ஒலிபரப்பான என்எச்கே இதில் மிகவும் கவனமாக இருக்கும், வணிகப் பெயரைத் தவிர்த்துப் பொதுச்சொல்லையே பயன்படுத்தும். இக்கவனம் ஒருமுறை விபரீதமாகவும் முடிந்தது. வேதியியலாளர் கிகுனாயே இகேடா 1908-இல் கண்டறிந்த உமாமி என்ற நாவில் தங்கும் சுவை, 1909-இல் 'அஜினோமோட்டோ' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. சமையல் நிகழ்ச்சியில் அந்தப் பெயரைச் சொல்ல முடியாமல் என்எச்கே பயன்படுத்திய மாற்றுச்சொல்லின் நேர்ப்பொருள் 'ரசாயனச் சுவையூட்டி'. ரசாயனம் என்ற அடைமொழி மக்கள் மனத்தில் ஒட்டிக்கொண்டது. பின்னாளில் 'உமாமிச் சுவையூட்டி' என்ற சொல்லைப் பரப்பத் தொழில்துறை ஆண்டுக்கணக்கில் பாடுபட வேண்டியிருந்தது. பெயர் வைத்திருப்பவர்களிடம் நான் எப்போதும் வலியுறுத்துவது இதைத்தான்: பெயரோடு ஒரு பொதுச்சொல்லையும் நீங்களே கொடுத்துவிடுங்கள். நீங்கள் கொடுக்காவிட்டால் வேறு யாரோ கொடுப்பார்கள்.

பெயரைப் பறிகொடுத்தவர்களும் உண்டு. ஜப்பானில் எந்த மருந்துக்கடையிலும் அந்த ஆரஞ்சு நிறப் பெட்டி கண்ணில் படும். திறந்தால் கரும்பழுப்பில் சிறிய உருண்டைகள். மரத்தாரின் புகைநாற்றம் அறை முழுவதும் பரவும். வயிற்றுப்போக்குக்கு இங்கே பாட்டிமார் தரும் மருந்து, 'செய்ரோகான்'. ரஷ்ய-ஜப்பானியப் போர்க் காலத்தில் 'ரஷ்யாவை வெல்லும் மாத்திரை' என்று எழுதப்பட்ட பெயர், பிறகு ஓர் எழுத்தை மாற்றிச் சாந்தமாக்கினார்கள். தைக்கோ நிறுவனம் 1954-இல் இதைப் பதிந்தது. மற்ற மருந்துக் கம்பெனிகள் எதிர்த்தன. எத்தனையோ பேர் இதே பெயரில் இதே மாத்திரையைச் செய்துவருகிறார்கள், இது பொதுப்பெயர் என்று வாதாடின. 1971-இல் டோக்கியோ உயர் நீதிமன்றம் அதை ஏற்றது, 1974-இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. அதன்பின் தைக்கோவுக்குத் தனியுரிமையாக மிஞ்சியது பெட்டியில் உள்ள எக்காளச் சின்னம். பெட்டியின் தோற்றம் ஒத்திருக்கிறது என்று, சுரைக்குடுவைச் சின்னம் போட்ட போட்டியாளர்மேல் பின்னர் வழக்குத் தொடுத்தும் ஒசாகா நீதிமன்றங்களில் வெல்லவில்லை. ஆனால் அவர்கள் சோர்ந்துவிடவில்லை. விளம்பரத்தில் ஒலிக்கும் எக்காள இசையை ஒலிக்குறியாகப் பதிய விண்ணப்பித்தார்கள். சொல் எதுவும் இல்லாத வெறும் இசைக்கு ஜப்பானில் முதன்முதலாகப் பதிவு கிடைத்தது 2017-இல், அந்த முதல் வரிசையில் செய்ரோகானின் எக்காளமும் ஒன்று. அதே ஆண்டில்தான் வண்ணத்துக்கும் முதன்முதலில் பதிவு கொடுத்தார்கள். உங்கள் பிள்ளையின் பென்சில் பெட்டியில் கிடக்கும் மோனோ அழிப்பானின் நீலம்-வெள்ளை-கறுப்புப் பட்டைகள் அந்த முதல் பதிவுகளில் ஒன்று. பெயரே இல்லாமல் அந்த மூன்று நிறத்தை மட்டும் போட்டாலும் டோம்போ நிறுவனத்தின் உரிமை.

ஊர்ப் பண்டங்களுக்கு வருவோம். என் மனத்துக்கு மிகவும் நெருக்கமானது இந்தப் பகுதிதான்.

ஊர்ப்பெயரும் பண்டத்தின் பெயரும் சேர்ந்த சொல்லை முன்பு எளிதில் பதிய முடியாது. 2006 ஏப்ரலில் 'வட்டாரக் கூட்டு வணிகக்குறி' என்ற முறை வந்தபின், அந்த ஊர்க் கூட்டுறவுச் சங்கம் பதியலாம் என்றானது. ஒய்ட்டா மாகாணத்துச் 'செகிசபா' கானாங்கெளுத்தி நல்ல எடுத்துக்காட்டு. வலை போடாமல் தூண்டிலில் ஒவ்வொன்றாகப் பிடித்த மீன், ஒவ்வொன்றிலும் அடையாள ஒட்டி. அதே கடலில் வலையில் விழுந்த மீனுக்கு அந்தப் பெயர் இல்லை.

கேட்ட எல்லாருக்கும் கிடைத்துவிடவில்லை. தட்டையான, சுருண்ட, பருத்த நூடுல்ஸுக்குப் பேர்போன ஃபுகுஷிமாவின் கித்தகட்டா ஊர்க் கடைக்காரர்கள் 'கித்தகட்டா ராமென்' என்பதைப் பதியக் கேட்டார்கள். 2010-இல் அறிவுசார் சொத்து உயர் நீதிமன்றம் மறுத்தது. சங்கத்தில் சேராத கடைகள் ஊருக்குள்ளேயே ஏராளம், ஊருக்கு வெளியிலும் நெடுங்காலமாக அதே பெயரில் கடைகள் நடக்கின்றன என்பதே காரணம். பெயர் புகழ்பெறும் முன்பே சங்கம் கூடியிருந்தால் தீர்ப்பு வேறாக இருந்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

இதைவிட வலிக்கும் வழக்கு 'ஹச்சோ மிசோ'. மிசோ என்பது சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் பசை. அய்ச்சி மாகாணத்து ஒகசாக்கிக் கோட்டையிலிருந்து மேற்கே எட்டு 'சோ' தூரம், சுமார் 870 மீட்டர் நடந்தால் வரும் இடத்துக்குப் பெயர் ஹச்சோ. பழைய டோகாய்டோ சாலையின் இருபுறமும் எதிரெதிரே மாருயா, காகுக்யூ என்ற இரண்டு மிசோக்காரர்கள். சோயாவும் உப்பும் மட்டுமே. ஆளுயரத்தைத் தாண்டிய மரத் தொட்டியில் ஆறு டன் மிசோ, அதன்மேல் கூம்பாக அடுக்கிய மூன்று டன் கல். அந்தக் கற்களைச் சரியாமல் அடுக்கக் கற்றுக்கொள்ளவே பல ஆண்டுகள் ஆகும் என்பார்கள். இரண்டு கோடை, இரண்டு குளிர்காலம் அப்படியே கிடக்கும்.

மதுரை மல்லிக்கு நாம் பெற்றோமே, அந்தப் புவிசார் குறியீட்டு முறை ஜப்பானில் 2015-இல் நடைமுறைக்கு வந்தது. 2017 டிசம்பரில் 'ஹச்சோ மிசோ'வுக்குப் பதிவு கிடைத்தது. கிடைத்தது இந்த இருவருக்கு இல்லை, அய்ச்சி மாகாணம் முழுவதற்குமான உற்பத்தியாளர் சங்கத்துக்கு. அந்தப் பதிவில் மரத் தொட்டி கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக் காத்திருப்பும் கட்டாயமில்லை. மாருயா நீதிமன்றம் போனது, 2024-இல் உச்ச நீதிமன்றம்வரை சென்றும் பலனில்லை. சங்கத்தார் பக்கமும் நியாயம் உண்டு, அவர்களும் தலைமுறைகளாக மிசோ செய்பவர்கள். ஆனாலும் அந்தத் தெருவில் நின்று, அந்தக் கல் குவியலைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஊரின் பெயரே பெயராக இருக்கும் பண்டத்துக்கு, அந்த ஊர்க்காரர் வெளியே நிற்கும்படி ஆனது எனக்குச் சம்மதமில்லை.

இதற்கு நேர் எதிரான கதை ஃபுகுவோகாவில். கொரியாவின் பூசானில் பிறந்து வளர்ந்த தொஷியோ கவாஹாரா, 1949-இல் நகாசு சந்தையில் தன் ஃபுகுயா கடையில் காரமிட்ட மீன்முட்டையை விற்கத் தொடங்கினார். அந்த 'மெந்தாய்க்கோ' புகழ்பெற்றபோது காப்புரிமையும் கேட்கவில்லை, பெயரையும் பதியவில்லை. கேட்டு வந்தவர்களுக்குச் செய்முறையைச் சொல்லிக்கொடுத்தார். இன்று ஹகாட்டா ரயில் நிலையத்தில் எத்தனை பிராண்டு மெந்தாய்க்கோ என்று எண்ணி மாளாது. பதியச் சொல்வதே என் பிழைப்பு, ஆனாலும் அவரை நினைக்கும்போதெல்லாம் மனம் நெகிழ்கிறது. அவர் தெரிந்தே விட்டுக்கொடுத்தார். நான் வருந்துவது தெரியாமல் இழப்பவர்களுக்காக.

கடல் தாண்டினால் உள்ளூர்ப் பதிவு செல்லாது. ஊடோன் என்ற பருத்த நூடுல்ஸுக்குப் புகழ்பெற்ற ககாவா மாகாணத்தின் பழைய பெயர் 'சானுகி'. அதைத் தைவானில் ஓர் உணவு நிறுவனம் பதிந்து வைத்திருந்தது. தைப்பேயில் கடை திறந்த ஜப்பானியருக்குத் தன் பண்டத்தின் பெயரை எழுத முடியாத நிலை. அந்தப் பதிவை நீக்கவைக்கப் பெரும் போராட்டம் தேவைப்பட்டது.

சரி, தேடுவது எப்படி? காப்புரிமை அலுவலகத்தின் 'ஜே-பிளாட்பாட்' தேடுதளம் இலவசம். ஒலிப்பை வைத்தே தேடலாம். எந்த வகைப் பொருளுக்குப் பதிந்திருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள், மொத்தம் 45 வகுப்புகள். ஊறுகாய்க்கு 29-ஆம் வகுப்பு. ஒரு வகுப்புக்கு விண்ணப்பிக்க 12,000 யென், பதிவு உறுதியானபின் பத்தாண்டுக்கு 32,900 யென். இன்னொன்று, பதிவாகாத பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் எழுத்தை அழகுக்காகப் போட்டுவிடாதீர்கள். பதிவுபெற்ற குறி என்று பொய்யாகக் காட்டுவது இங்கே குற்றம், மூன்றாண்டுச் சிறைவரை இடமுண்டு.

அந்தச் சகோதரியின் பாட்டிலில் இப்போது 'ஷிரானுயி ஊறுகாய்' என்று இருக்கிறது. அச்சகத்தார் நல்லவர், முன்பணத்தைப் புதிய லேபிளுக்கே வரவு வைத்துக்கொண்டார். அதற்கு மேலே சகோதரி தன் ஊறுகாய்க்கென்று ஒரு சொந்தப் பெயரும் யோசித்து வைத்திருக்கிறார். சந்தையில் சொல்லிப் பார்க்கட்டுமா என்று கேட்டார். இங்கே முதலில் விண்ணப்பித்தவருக்கே முன்னுரிமை, விண்ணப்ப எண் கைக்கு வரும்வரை கணவரைத் தவிர யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றேன். எழுதிக் கொண்டுவந்திருந்த காகிதத்தை நான்காக மடித்துப் பணப்பையில் வைத்துக்கொண்டார்.