நிறமாலை: வெள்ளியின் ஒளியை வாசிக்க ஒரு சொல்

மாரி முடிந்து வானம் வெளித்த ஒரு மாசி இரவு. கல்லடிக் கடற்கரையில் முக்காலியில் கமராவைப் பூட்டி, சிரியஸ் என்ற வெள்ளியை, அதாவது விண்மீனை, படம் பிடித்தேன். வில்லைக்கு முன்னால், மில்லிமீற்றருக்கு 100 கோடுகள் கீறிய, ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் சிறு கண்ணாடித் தகடு ஒன்றை மாட்டியிருந்தேன். வீட்டுக்கு வந்து படத்தைக் கணினியில் பெரிதாக்கும்போது அம்மா எட்டிப் பார்த்தார்.

"என்ன மனே இது, வெள்ளிய இழுத்து நீட்டி வச்சிருக்காய்?"

உண்மையில் அப்படித்தான் இருந்தது. ஒரு பக்கம் வெள்ளி. அதற்குச் சற்றுத் தள்ளி, ஊதாவில் தொடங்கிச் சிவப்பில் மங்கி முடியும் ஒரு நாடா. நாடாவின் நீலமும் ஊதாவுமான பக்கத்தில் மூன்று இடங்களில் ஒளி அறுந்து கறுத்திருந்தது. "இதுக்கு என்ன பேர்?" என்று கேட்டார். ஸ்பெக்ட்ரம் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். பள்ளியில் நான் படித்தது திருசியம். இன்று பரவலாக வாசிப்பது நிறமாலை. அம்மாவுக்கு எதைச் சொல்வது?

ஸ்பெக்ட்ரம் லத்தீன் சொல். காண் என்று பொருள்படும் வினையிலிருந்து பிறந்தது. தோற்றம், உருத்தோற்றம் என்பது அதன் பொருள்; ஆவியின் தோற்றத்தையும் அந்தச் சொல்லால் குறித்தார்கள். இருட்டறையின் சிறு துளை வழியே வந்த வெயிலை அரியம் என்ற முப்பட்டைக் கண்ணாடியினூடாகச் செலுத்தி, எதிர்ச் சுவரில் விழுந்த வண்ண நீட்சிக்கு அந்தப் பெயரை இட்டவர் ஐசாக் நியூட்டன். 1672இல் இலண்டன் றோயல் சங்கத்துக்கு எழுதிய கடிதத்தில் அதை விவரித்தார். சுவரில் திடீரென்று எழுந்து நின்ற உருவுக்கு அது பொருத்தமான பெயர்தான்.

திருசியம் வடமொழி வழி வந்தது. காண் என்ற பொருளுடைய வேரில் முளைத்து, 'காணப்படுவது' என்று நிற்கிறது. லத்தீன் சொல்லின் கருத்தை இம்மி பிசகாமல் எடுத்து வந்தது இந்தச் சொல்தான். உயர்தரத்தில் பௌதிகவியல் படித்த எவருக்கும் திருசியமானி மறக்காது: சோடியம் விளக்கின் மஞ்சள் வெளிச்சம், சுழலும் மேசையில் அரியம், வேணியர் அளவிடையில் கண்ணை இடுக்கி வாசித்த பாகைகள். ஆனால் ஆய்வுகூடத்தை விட்டு வெளியே வந்தால் அந்தச் சொல் ஊமையாகிவிடுகிறது. அம்மாவிடம் திருசியம் என்று சொன்னால் அது என்னவென்று இன்னொரு சொல்லால் விளக்க வேண்டும்.

நிறமாலை அப்படியல்ல. கேட்டவுடன் கண்ணில் தோன்றும். நிறங்களை வரிசையாகத் தொடுத்தது. இந்தச் சொல்லுக்கு ஒரு குறை சொல்வார்கள்: செந்நிறத்துக்கு அப்பாலும் ஊதாவுக்கு அப்பாலும் நிறம் ஏது, அங்கே மாலை எப்படி வந்தது என்று. கறுப்பு வெள்ளைக் கமராவில் எடுத்தால் நாடா முழுவதும் சாம்பல்தான் என்பதும் உண்மை. ஆனால் அதே குறை திருசியத்துக்கும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத கதிரைக் 'காணப்படுவது' என்பது எப்படி? நிறம் என்ற சொல்லுக்காவது அகலம் இருக்கிறது. வண்ணம் என்பதோடு ஒளி, இயல்பு என்ற பொருள்களும் நம் அகராதிகளில் அதற்கு உண்டு. ஒரு வெள்ளியின் இயல்பை வரிசையாகத் தொடுத்துக் காட்டுவது நிறமாலை என்றால் அதில் பிழை ஏதும் இல்லை. ஆகவே என் தெரிவு நிறமாலை. படிப்பை நிறமாலையியல் என்போம். திருசியம் பாடநூலில் இருக்கும்வரை பிள்ளைகளுக்கு இரண்டையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ஆனால் வான் பார்ப்பவருக்கு நிறத்தைவிட முக்கியம் அந்தக் கறுத்த இடைவெளிகள். 1802இல் இங்கிலாந்தின் வொலஸ்டன் சூரிய ஒளியில் சிலவற்றைக் கண்டார். 1814இல் ஜேர்மனியின் பிரௌனோபர் அவற்றை நூற்றுக்கணக்கில் அளந்து குறித்தார். அவை என்னவென்று விளங்க இன்னும் நாற்பத்தைந்து ஆண்டுகள் பிடித்தன. ஒவ்வொரு மூலகமும் தனக்குரிய அலைநீளங்களில் மட்டுமே ஒளியைக் காலும் (உமிழும்), அதே அலைநீளங்களில் ஒளியை உறிஞ்சும் என்று கேர்க்கோவும் புன்சனும் 1859, 1860 காலத்தில் காட்டினார்கள். என் படத்தில் ஒளி அறுந்த மூன்று இடங்களும் 486, 434, 410 நனோமீற்றர். சிரியஸின் ஐதரசன் உறிஞ்சியவை. சிவப்பில் 656இல் இன்னொன்று உண்டு. சாதாரண கமராவின் வடிகட்டி அந்தச் சிவப்பின் பெரும் பங்கைத் தடுத்துவிடுவதால் எனக்கு அது தெளியவில்லை.

பாடநூல் இவற்றைக் கோடுகள் என்கிறது. நான் வரி என்பேன். வரிப்புலியின் உடம்பில் இருப்பதும் வரி, கடிதத்தில் எழுதுவதும் வரி. கோட்டைக் கீறலாம், அளக்கலாம்; வரியை வாசிக்கலாம். இங்கே நடப்பது வாசிப்பு. கறுத்தது உறிஞ்சல் வரி, ஒளிர்வது காலல் வரி. காலல் இலங்கைப் பாடநூலின் சொல். கால்தல் என்றால் உமிழ்தல், வெளிப்படுத்தல். பாம்பு நஞ்சைக் காலும் என்பது பழைய வழக்கு. இவ்வளவு கச்சிதமான சொல்லை யாரும் கைவிடக்கூடாது. 1936இல் சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர் என்பதை, இந்தக் கரையில் இருந்துகொண்டு சொல் தேடும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

காலல் வரியைப் பார்க்கத் தொலைநோக்கி வேண்டாம். விறகடுப்பில் ஒரு சிட்டிகை உப்பைத் தூவினால் சுவாலை மஞ்சளாகும். பழைய சீடித் தட்டின் பளபளப்பில் அந்தச் சுவாலையைச் சரித்துப் பாருங்கள். தட்டில் மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 625 சுற்றுக் கீறல்கள் இருப்பதால் அதுவே ஒளியைப் பிரித்துவிடும். மற்ற நிறங்களை எல்லாம் மீறி ஒரு மஞ்சள் மட்டும் பளிச்சென்று தனித்து நிற்கும். சோடியத்தின் வரி அது, 589 நனோமீற்றர். 1868 ஓகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தை ஆந்திராவின் குண்டூரிலிருந்து ஜான்சன் என்ற பிரெஞ்சுக்காரர் பார்த்தார். அந்த ஆண்டில் சூரிய விளிம்பில் கண்ட மஞ்சள் வரியை முதலில் சோடியம் என்றே எண்ணினார்கள். அதன் அலைநீளம் இரண்டு நனோமீற்றர்கூடத் தள்ளவில்லை, ஏறத்தாழ 587.6. அந்தச் சிறு விலகலைப் பிடித்துக்கொண்டு, இது பூமியில் அறியாத மூலகம் என்றார் ஆங்கில வானியலாளர் லொக்கியர். சூரியனின் கிரேக்கப் பெயரால் அமைந்த அதைத்தான் நாம் ஈலியம் என்கிறோம். பூமியில் அது கையில் அகப்பட்டது 1895இல்.

இனி அமெச்சூர் என்ற சொல். தொழிலாகச் செய்யாதவர் என்பதால் 'கற்றுக்குட்டி' என்று சிலர் எழுதுவது எனக்கு வலிக்கிறது. அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் லத்தீன் மூலம் அன்பு செய்பவர் என்று பொருள்படும். தமிழில் ஆர்வலர் இருக்கிறது. குறளின் 71ஆம் பாட்டில் ஆர்வலர் என்றால் அன்புடையவர். இப்படி வேரோடு வேர் பொருந்தும் இணை கிடைப்பது அரிது. ஆர்வலர் நிறமாலையியல் என்று தயங்காமல் எழுதலாம்.

ஆர்வலர்கள் செய்வது சின்ன வேலையும் அல்ல. சுப்பர்நோவா என்பதில் நோவா, லத்தீனில் புதியது. திடீரென்று தோன்றுவதால் புது வெள்ளி என்று நினைத்த காலத்துப் பெயர். உண்மையில் அது வெள்ளியின் முடிவு. தமிழில் மீயொளிர் விண்மீன் என்கிறார்கள். வெடிப்பு என்ற சொல்லையும் சேர்த்தால் பொருள் நிறையும். 2023 மே 19 அன்று எம் 101 என்ற விண்மீன் மண்டலத்தில் அப்படி ஒன்றை முதலில் கண்டவர் இத்தகாக்கி என்ற யப்பானிய ஆர்வலர். உலகின் பல முற்றங்களிலிருந்து ஆர்வலர்கள் அதன் நிறமாலையை எடுத்தார்கள். கேட்கும் முதற் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: ஐதரசன் வரி உண்டா? இல்லையென்றால் முதல் வகை, உண்டென்றால் இரண்டாம் வகை. 1941இல் வானியலாளர் மின்கோவ்ஸ்கி வகுத்த பிரிப்பு அது. எம் 101இல் வெடித்தது இரண்டாம் வகை.

முதல் வகைக்குள் '1ஏ' என்ற உட்பிரிவைக் காட்டிக்கொடுப்பது சிலிக்கன். 635.5 நனோமீற்றரில் இருக்க வேண்டிய அதன் வரி 615 அளவில் பள்ளமாக நிற்கும். வெடித்துச் சிதறிய பொருள் நம்மை நோக்கி விரைவதால் நீலப் பக்கம் நகர்ந்த வரி அது. இருபது நனோமீற்றர் நகர்வுக்கு வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 10,000 கிலோமீற்றர்.

பங்குனியில் இருட்டியபின் தெற்கே பார்த்தால் காமா வெலோரம் என்ற வெள்ளி நிற்கும். அதன் நிறமாலை சிரியஸுக்கு நேர்மாறு. கறுத்த பள்ளங்களுக்குப் பதிலாகக் காபனும் ஈலியமும் காலும் ஒளிர்ந்த திரட்சிகள், மாலையில் கோத்த மணிபோல. அந்தப் படத்தையும் அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிப் போட்டுக்கொண்டு கேட்டார்:

"இந்த மாலையில வரியெல்லாம் வெளிச்சமா இருக்கே மனே, இது வேற சாதி வெள்ளியா?"