மீட்டர் சீலைத் தொடாமல் ஒரு கரண்ட் கணக்கு

கோவையில் சின்ன மில்களுக்கும் பட்டறைகளுக்கும் மின்சாரச் செலவைக் கணக்குப் பார்த்துக் கொடுப்பது என் தொழில். வீடுகளுக்குப் போவதில்லை. ஆனால் பில் வந்தால் சொந்தக்காரர்கள் விடுவார்களா? போன கோடையில் சித்தி கூப்பிட்டார். "ஏசி கூட இல்ல கண்ணு, ரெண்டாயிரத்துக்கு மேல வந்திருக்குது. மீட்டரு தாறுமாறா ஓடுதாட்ட இருக்குது, ஒரெட்டு வந்து பாரு."

போய் ரீடிங் குறிக்கும் அட்டையைப் பார்த்தேன். 512 யூனிட். பாதி விஷயம் அங்கேயே புரிந்துவிட்டது. 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடினால் 1,725 ரூபாய். 501 ஓடினால் 1,958. கடைசி ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! அந்தக் கட்டணத்தில் 500-ஐத் தாண்டிவிட்டால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு 2.25-க்குப் பதிலாக 4.50 போடுவார்கள். அதில் போவதுதான் 225. அதன்பின் விலை மாறியிருக்கிறது, ஆனால் சித்திக்குப் பில் வந்தபோதும் 500-இல் இருக்கும் அந்தப் படி அதே இடத்தில்தான் நின்றது.

படியைத் தாண்டாமல் இருக்க, மீட்டரில் ஒட்டி வைத்துப் பதிவு செய்யும் சென்சாரெல்லாம் வேண்டியதில்லை. வாரம் ஒருநாள் ரீடிங்கைக் காலண்டரில் எழுதி வைத்தால் போதும். ஆனால் எந்த நேரத்தில் ஓடுகிறது என்பதைக் காலண்டர் சொல்லாது. அதற்கு மீட்டரையே கேட்க வேண்டும்.

எலக்ட்ரானிக் மீட்டரின் முகப்பில் ஒரு சிவப்பு எல்இடி மினுக்கிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் 3200 இம்பல்ஸ் ஒரு கிலோவாட்அவருக்கு என்பது போல ஓர் எண் இருக்கும். அதாவது 3,200 முறை மினுக்கினால் ஒரு யூனிட். சில மீட்டர்களில் 1600, சிலவற்றில் வேறு எண், உங்களுடையதைப் பார்த்துக்கொள்ளுங்கள். 3200 என்றால் கணக்கு சுலபம்: இரண்டு மினுக்குக்கு இடையில் எத்தனை விநாடியோ, அதால் 1,125-ஐ வகுத்தால் அந்த நேரத்து வாட். விநாடிக்கு ஒன்று என்றால் 1,125 வாட். பத்து விநாடிக்கு ஒன்று என்றால் 112. (பக்கத்திலேயே 'எர்த்' என்று இன்னொரு எல்இடி இருக்கலாம். அது விடாமல் எரிந்தால், போன கரண்ட் நியூட்ரல் வழியாக முழுசாகத் திரும்பவில்லை என்று அர்த்தம். சென்சாரை ஓரமாக வைத்துவிட்டு முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.)

அந்த மினுக்கைப் பார்க்கும் ஒரு கண், எண்ணும் ஒரு போர்டு. அவ்வளவுதான் கருவி. போர்டுக்கு நோட்எம்சியு என்ற சின்ன மைக்ரோகண்ட்ரோலர் போர்டை எடுத்தேன், வைஃபை உள்ளேயே இருக்கிறது. கண்ணுக்கு எல்டிஆர் (வெளிச்சத்துக்கேற்ப மின்தடை மாறும் பாகம்) வைப்பவர்கள் உண்டு. வேலை செய்யும், ஆனால் மந்தமானது. லோடு ஏறி மினுக்கு நெருங்கும்போது கோட்டை விடும். நான் வைப்பது போட்டோடிரான்சிஸ்டர், வெளிச்சம் பட்டதும் சட்டென்று கரண்டை விடும் பாகம். கடையில் வாங்கும்போது கண்ணாடி போல் தெளிவான தலை உள்ளதாகக் கேளுங்கள். கறுப்புத் தலை உள்ளது அகச்சிவப்புக்கென்றே செய்தது, சிவப்பு வெளிச்சம் அதற்குத் தெரியாது. இது தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க சாலிடரைப் பிரித்துப் பிரித்துப் போட்டிருக்கிறேன்.

அடுத்த கூத்து சித்தி வீட்டில். பகலெல்லாம் ஒழுங்காகக் காட்டியது. சாயங்காலம் ஆறரைக்குச் சட்டென்று 11,250 வாட்! ஒரு வீட்டில் பதினோரு கிலோவாட் எங்கே ஓடும்? திண்ணையில் பழைய சோக் போட்ட டியூப்லைட்டைப் போட்டிருந்தார்கள். நம் ஊர் கரண்டில் அது விநாடிக்கு 100 தடவை அதிரும். சென்சார் அதையும் மினுக்கு என்று எண்ணிவிட்டது. 100 மில்லிவிநாடிக்குள் வரும் இரண்டாவது துடிப்பைத் தள்ளிவிடும்படி நான்தான் எழுதியிருந்தேன். அதனால் விநாடிக்குச் சரியாகப் பத்து, அதற்குச் சரியாக 11,250. புரோகிராமில் தீர்கிற விஷயமில்லை இது. பேனா மூடியைக் கறுப்பு டேப்பால் சுற்றி, நுனியை வெட்டி, உள்ளே சென்சாரை வைத்து எல்இடி மேல் கவிழ்த்தேன். தீர்ந்தது.

எண்ணிக்கையை ஒவ்வொரு மினுக்குக்கும் போர்டின் ஃப்ளாஷ் மெமரியில் எழுதாதீர்கள். நாளுக்குப் பத்து யூனிட் என்றால் 32,000 முறை எழுத்து, மெமரி சீக்கிரம் தேய்ந்துவிடும். மணிக்கொரு முறை போதும். சோலார் போட்டு, வாங்கும் கரண்டையும் வெளியே தரும் கரண்டையும் கணக்கிடும் நெட் மீட்டர் வைத்த வீடுகளில் இந்தக் கருவி ஏமாற்றலாம். கரண்ட் உள்ளே வந்தாலும் வெளியே போனாலும் மினுக்கக்கூடிய மீட்டர்கள் உண்டு.

இனி நான் எழுத உட்கார்ந்ததன் காரணத்துக்கு வருகிறேன். வெளிநாட்டுக்காரர்கள் செய்து காட்டும் வீடியோக்களில் சென்சாரைக் காந்தத்தால் 'டக்' என்று மீட்டரில் ஒட்டுவார்கள். அவர்கள் ஊர் மீட்டர்கள் பலவற்றில் அதற்கென்றே இரும்புத் தகடு வைத்திருக்கிறது. நம் ஊரில் காந்தத்தை மீட்டர் பக்கமே கொண்டுபோகக் கூடாது. காந்தம் வைத்து ஓட்டத்தை நிறுத்தும் திருட்டைப் பிடிக்கவென்றே மீட்டருக்குள் ஏற்பாடு இருக்கிறது. தேதி நேரத்தோடு பதிவாகிவிடும். சில மீட்டர்கள் அந்த நேரம் முழுக்க உச்ச கரண்ட் ஓடியதாகவே கணக்குப் போட்டுக்கொள்ளும். மின்சாரச் சட்டம் 2003-இன் 135-ஆம் பிரிவில் மீட்டரில் கைவைப்பது திருட்டோடு சேர்ந்தது, மூன்று வருடம் வரை சிறை. "சென்சார் ஒட்டத்தான் சார் வச்சேன்" என்று யாரிடம் போய்ச் சொல்வது? இரண்டு பக்கம் ஒட்டும் டேப் போதும்.

மின்வாரியம் மீட்டருக்கு வைத்த சீலைத் தொடக் கூடாது, மூடியைத் திறக்கக் கூடாது. போர்டுக்கான சப்ளையை மீட்டர் முனையிலிருந்து எடுக்கவே கூடாது. வீட்டுக்குள்ளிருந்து செல்போன் சார்ஜரின் ஐந்து வோல்ட் ஒயரை இழுத்து வாருங்கள். அபார்ட்மெண்டில் பத்துப் பதினைந்து மீட்டர் வரிசையாக இருக்கும் போர்டில் ஃப்யூஸ் கட்டைக்கு மேலே கம்பி வெறுமனே தெரிவதை எத்தனையோ இடத்தில் பார்த்திருக்கிறேன். அப்படி இருந்தால் கையை விடாதீர்கள், ஆசையை விட்டுவிடுங்கள். ரீடிங் எடுக்க வருபவருக்கு டிஸ்ப்ளே மறையாமல் ஒட்டுங்கள், அன்றைக்குக் கழற்றி வைத்தால் இன்னும் நல்லது. கருவி எடுக்கும் மின்சாரப் பதிவை இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி விடவும் வேண்டாம். வீட்டில் யாரும் இல்லாத நாள் அதில் பளிச்சென்று தெரியும்.

சித்தி வீட்டு மீட்டரில் ஒரு குறையும் இல்லை. நான்கு நாள் பதிவைப் பார்த்தேன். எல்லோரும் தூங்கிய பிறகும் ஐம்பது வாட்டுக்குக் கீழே அது இறங்கவே இல்லை. செட்டாப் பாக்ஸ், வைஃபை, வயதான பேட்டரியை ஓயாமல் சார்ஜ் செய்யும் இன்வெர்ட்டர். கேட்டால் சின்னத் தொகைதான். இரண்டு மாதத்துக்குக் கணக்கிட்டால் 72 யூனிட், அப்போது இலவசமாகத் தந்த நூறில் முக்கால்வாசி.

பெரிய மீன் வேறு. ராத்திரி ஒன்றரைக்கும் நாலரைக்கும் பன்னிரண்டு நிமிடம் பன்னிரண்டு நிமிடமாக 1,100 வாட் ஏறி இறங்கியிருந்தது. தண்ணீர் மோட்டார்! டேங்க் குறைந்தால் தானே ஓடும் கண்ட்ரோலர் போட்டிருந்தார்கள். அந்த நேரத்தில் யார் தண்ணீர் புழங்கினார்கள்? யாருமில்லை. மோட்டாரிலிருந்து போகும் பைப் டேங்கின் அடியில் சேர்ந்திருந்தது, தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு பழுதாகியிருந்தது. ஏற்றிய தண்ணீர் வந்த வழியே சம்புக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. வெளியே ஒரு சொட்டும் ஒழுகாததால் யாருக்கும் தெரியவில்லை. பகலிலும் அதே கதை, நாளுக்கு ஒன்றேமுக்கால் யூனிட் வரை இப்படியே போயிருக்கிறது.

வால்வை மாற்றினோம். அடுத்த பில் நானூறு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். கருவியை வேறொரு வீட்டுக்கு எடுத்துக்கொண்டேன், சித்தி கேட்கவும் இல்லை. இப்போதெல்லாம் படுக்கப் போகுமுன் திண்ணையில் நின்று மீட்டரைப் பார்த்து விரல் விட்டு எண்ணுகிறாராம். "பத்து எண்றதுக்குள்ள மினுக்குச்சுன்னா, எவனோ எதையோ அமத்தாமப் படுத்துட்டான்னு அர்த்தம்."