தேசியக்கொடியின் மேல் பட்டை காவி இல்லை

ஆகஸ்ட் 15 வந்தால் போதும், "காவி தியாகத்தைக் குறிக்கிறது" என்று ஊருக்கு ஊர் ஒலிபெருக்கியில் ஒப்பிக்கிறார்கள். எத்தனையோ வருடம் கேட்டுக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன். இந்த முறை பக்கத்து வீட்டுச் சிறுமி, காவி என்று சொல்லிக் கொடுத்ததை அப்படியே நம்பி, மேல் பட்டைக்குச் செங்கல் நிறத்தைத் தீட்டிவிட்டுத் திட்டு வாங்கி வந்தாள். அவள் செய்தது சரிதான், சொல்லிக் கொடுத்த சொல்தான் தப்பு.

காவி என்பது மண். கோயில் மதிலில் சுண்ணாம்பு வெள்ளைக்கு நடுவே பட்டை பட்டையாகப் பூசுவது, மார்கழிக் கோலத்துக்குக் கரை கட்டுவது. வெற்றிலை போட்டுப் போட்டுப் பல்லில் ஏறும் கறையையும் காவி என்றுதான் சொல்கிறோம். சங்கப் பாட்டான முல்லைப்பாட்டில் முக்கோல் பிடித்த துறவி 'கல் தோய்த்து உடுத்த' ஆடை கட்டியிருக்கிறான், அந்தக் கல்லும் காவிக்கல்தான். இதில் எதுவாவது கொடியின் நிறமா?

1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபை ஏற்ற தீர்மானத்தில் அடர்ந்த 'சாஃப்ரன்' என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் 'கேசரி' என்றும் போட்டிருக்கிறார்கள். சாஃப்ரன் அரபியின் ஜஃபரானிலிருந்து வந்தது. கேசரம் என்றால் வடமொழியில் பூவின் இழை, பிடரிமயிரும்கூட. சிங்கத்துக்குக் கேசரி என்று பெயர் வந்தது அதனால்தான். இரண்டு சொல்லும் காட்டுவது பூவிழையின் சாயத்தை, மண்ணை இல்லை.

காவிதான் சரி என்பவர்கள் உடனே, பின்னாளில் குடியரசுத் தலைவரான சர்வபள்ளி ராதாகிருஷ்ணனை இழுப்பார்கள். அந்த நிறம் துறவைக் குறிக்கிறது என்று அவர் அதே சபையில் பேசினார், உண்மைதான். ஆனால் அது நிறத்துக்கு அவர் சொன்ன பொருள், நிறத்தின் பெயர் இல்லையே. வெள்ளையை ஒளி என்றார், அதற்காக நடுப்பட்டையை யாராவது ஒளி நிறம் என்கிறோமா? அவருக்கு முன்பே, 1931-ல் காங்கிரஸ் மூவர்ணத்தை ஏற்றபோது, மேல் நிறத்துக்குத் துணிவு, தியாகம் என்று பொருள் சொல்லி, எந்த நிறத்துக்கும் மதச்சார்பு கிடையாது என்றும் தெளிவாக்கியிருந்தது. காவி என்றதும் தமிழ்க் காதில் விழுவது சாமியார் வேட்டி, இப்போதானால் ஒரு அரசியல் தரப்பு. இரண்டையும் எல்லோருக்குமான ஒரு கொடியின் தலையில் கட்டுவது எனக்குப் பொறுக்கவில்லை.

'குங்குமப்பூ நிறம்' என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். குங்குமம் என்றால் நமக்கு நெற்றிச் சிவப்பு, அந்தப் பூவின் இதழோ ஊதா. படிக்கிறவர் எதை நினைப்பார்? அகராதியைத் திறந்து முதலில் கண்ணில் பட்டதை ஒட்டிவிட்டு, அதை ஒருதரம் கண்ணை மூடிப் பார்க்கக்கூட மாட்டேன் என்கிறார்கள் மொழிபெயர்ப்பாளர்கள், இந்தப் பழக்கம்தான் பாதி கலைச்சொற்களைக் கெடுத்து வைத்திருக்கிறது.

செம்மஞ்சள் என்று எழுதுங்கள். சிவப்பேறிய மஞ்சள், சொல்லிலேயே நிறம் இருக்கிறது. தங்கள் நாட்டுக் கொடியின் ஆரஞ்சுப் பட்டையை இலங்கைத் தமிழர்கள் செம்மஞ்சள் என்றுதான் எழுதுகிறார்கள். தீர்மானத்தையே மொழிபெயர்க்கிறீர்கள் என்றால், 'அடர் செம்மஞ்சள் (கேசரி)' என்று மூலத்தில் உள்ளபடியே போடலாம். கல்யாணப் பந்தியில் இலையில் வைக்கிற ரவா கேசரிக்கும் பெயர் கொடுத்தது அந்த நிறம்தான், அதைச் சொன்னதும் அந்தச் சிறுமி பெட்டியிலிருந்து சரியான வண்ணக்குச்சியை எடுத்துவிட்டாள்.